தும்மினா யூரின் கசியுதா? வீட்ல இருந்தே வீடியோ கால்ல பிசியோ எடுக்கறது எப்படி

தும்மினா, இருமினா, சத்தமா சிரிச்சா, தண்ணிக் குடம் தூக்கினா கொஞ்சமா யூரின் வந்துருது. இல்லனா வெளிய போயிட்டு வந்து கதவுல சாவிய வைக்கறப்பவே முட்டிக்கிட்டு வந்து பாத்ரூம் போறதுக்குள்ள நனைஞ்சிருது. சாயங்காலம் ஆனா அடியில ஏதோ இறங்கற மாதிரி கனமா இருக்கு. இதை வெளிய சொல்ல முடியாம வருஷக்கணக்கா பேட் வச்சுக்கிட்டு, பஸ்ல போகணும்னா காலைல இருந்து தண்ணி குடிக்காம இருக்கறவங்க எவ்வளவு பேர்னு எனக்குத் தெரியும், ஏன்னா பெண்களுக்கான பிசியோதெரபிதான் என் வேலை. பெரும்பாலும் வீடியோ கால்லதான் பாக்கறேன். "பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான் இருக்கும்"னு அம்மாவும் மாமியாரும் சொல்லிச் சொல்லியே இது வைத்தியம் பாக்கற விஷயம்னே நிறைய பேருக்குத் தெரியாமப் போச்சு. வைத்தியம் இருக்குங்க, அதுல பெரும்பகுதிய வீட்ல இருந்தே பண்ணலாம். எப்படி ஆரம்பிக்கறது, போன்ல என்ன நடக்கும், எதுல கவனமா இருக்கணும்னு விவரமா எழுதறேன்.

முதல்ல எந்த இடத்தைப் பத்திப் பேசறோம்னு பாத்துருவோம். முன்பக்கம் அடிவயித்துக்குக் கீழ இருக்கற எலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் ஒரு தூளி மாதிரி கட்டித் தொங்கற தசைகள் இருக்கு, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் தாங்கறது இதுதான், பெல்விக் ஃப்ளோர்னு சொல்லுவோம். கர்ப்பம், சுகப்பிரசவம், மாதவிடாய் நின்ன பிறகு வர்ற மாற்றம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல்ல தினமும் முக்கறது, அதிக உடம்பு எடை இதெல்லாம் அந்தத் தசைய பலவீனமாக்கும். சிசேரியன் ஆனவங்களுக்கும் வரும், ஒன்பது மாசம் வயித்துப் பாரத்தைத் தாங்கினது அதே தசைதானே.

இப்ப, அந்தத் தசைய இறுக்கி விடற பயிற்சி, கெகல்னு சொல்லுவாங்க, அதைப் பண்ணா நிஜமாவே சரியாகுமான்னு கேப்பீங்க. 31 ஆய்வுகள், 1817 பெண்கள், எல்லாத்தையும் சேத்துப் பாத்த தொகுப்பு ஒன்னு, மருத்துவ ஆய்வுகளை அலசற காக்ரேன் அமைப்புகிட்ட இருந்து 2018ல வந்துச்சு. இருமல் தும்மல்ல கசியற வகைப் பிரச்சனை இருந்தவங்கள்ல, பயிற்சி எடுத்தவங்க 100க்கு 56 பேர் சரியாயிருச்சுன்னு சொன்னாங்க, எடுக்காதவங்கள்ல 6 பேர்தான் அப்படிச் சொன்னாங்க. பிரிட்டன்ல எந்த நோய்க்கு என்ன வைத்தியம்னு சொல்ற நைஸ் அமைப்போட வழிகாட்டுதல்லயும் இந்த மாதிரி கசிவுக்கு முதல் வைத்தியமா குறைஞ்சது 3 மாசம், ஒருத்தரோட மேற்பார்வையில இந்தப் பயிற்சியப் பண்ணச் சொல்லியிருக்காங்க.

அந்த "மேற்பார்வையில"ங்கற வார்த்தைதான் முக்கியம். யூடியூப்ல பாத்து கெகல் பண்றேன், ஒன்னும் ஆகலன்னு சொல்றவங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். 1991ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, வாயால மட்டும் சொல்லிக் குடுத்து செய்யச் சொன்னப்ப பாதிப் பேர்தான் சரியாப் பண்ணாங்க, கால்வாசிப் பேர் கசிவு இன்னும் கூடற மாதிரி தப்பாப் பண்ணாங்க. இந்தப் பயிற்சிக்கே பேர் குடுத்த டாக்டர் ஆர்னால்ட் கெகல், 1948ல இதைப் பத்தி எழுதினப்பவே, தசை எவ்வளவு இறுகுதுன்னு அளந்து காட்ட ஒரு கருவிய வச்சுத்தான் பெண்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. சும்மா "இறுக்குங்க, விடுங்க"ன்னு சொல்லி விடல.

அப்ப போன்ல எப்படிங்க பாப்பீங்கன்னு கேட்டா, உண்மையச் சொல்லிடறேன், கேமரால அந்தத் தசை தெரியாது. தெரியவும் வேண்டாம். நீங்க உணர்ந்து சொல்றதும், உங்க மூச்சு, வயிறு, தொடை, முகம் எப்படி அசையுதுன்னு நான் பாக்கறதும் சேந்துதான் வைத்தியம். அதனால நேர்ல பாக்கறத விட வீடியோல உங்க பங்கு அதிகம். ஸ்வீடன்ல உமியோ பல்கலைக்கழகத்துல இதுக்காக ஒரு ஆப்பே பண்ணாங்க, 3 மாசம் அந்த ஆப் வச்சு வீட்ல பயிற்சி பண்ண பெண்களுக்கு கசிவு நல்லாவே குறைஞ்சதா 2017ல ஆய்வு வந்துச்சு. தூரத்துல இருந்து பண்றது வேலைக்காகாதுன்னு இல்ல.

ஆனா முதல் வீடியோ காலுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டரை நேர்ல பாத்துருங்க. யூரின் டெஸ்ட், சுகர் டெஸ்ட், தேவைப்பட்டா ஸ்கேன்ல யூரின் போன பிறகு பையில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கறது, இவ்வளவு பண்ணா பாதி சந்தேகம் தீந்துரும். சுகர் கட்டுப்பாட்டுல இல்லாம அடிக்கடி யூரின் போறதுக்கு தசைப் பயிற்சி பண்ணிப் பிரயோஜனம் இல்ல. நீங்க சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்க, பிபி மாத்திரைல சில வகை வறட்டு இருமலைக் கொண்டு வரும், இருமல் வந்தா கசிவு கூடும், டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரைய மாத்தினதுலயே பாதி குறைஞ்சவங்க இருக்காங்க. ஆனா நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. பக்கத்துல டாக்டர் இல்லனா அரசாங்கத்தோட இ-சஞ்சீவனில இலவசமா வீடியோ கால்ல டாக்டர்கிட்ட பேசி, எந்த டெஸ்ட் எடுக்கணும்னாவது கேட்டுக்கலாம்.

கீழ சொல்றதுல எது இருந்தாலும் வீடியோ கால் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. யூரின்ல ரத்தம், காய்ச்சலோட எரிச்சல், யூரின் வரவே மாட்டேங்குது, மாதவிடாய் நின்னு வருஷமாச்சு ஆனா திரும்ப ரத்தப்போக்கு, பிரசவத்துக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ பிறகு இடைவிடாம சொட்டிக்கிட்டே இருக்கறது. அப்புறம் இதை ரொம்ப கவனமாப் படிங்க, முதுகுவலியோட சேந்து உக்கார்ற இடம், தொடையோட உள்பக்கம் மரத்துப் போச்சு, யூரின் மோஷன் கட்டுப்பாடு திடீர்னு போச்சுன்னா அது நரம்பு அழுத்தம், அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போகணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது.

யார்கிட்ட எடுக்கறதுங்கறது அடுத்தது. பிபிடி, அதாவது பிசியோதெரபி டிகிரி முடிச்சு, பெண்கள் நலத்துல எம்பிடிங்கற மேல்படிப்போ தனிப் பயிற்சியோ எடுத்தவங்களான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. நேர்ல உள்பரிசோதனை பண்ணத் தெரிஞ்சவங்களான்னும் கேளுங்க, ஏன்னா கையால உணர்ந்து பழகினவங்களுக்குத்தான் நீங்க வாயால சொல்றது புரியும். செஷனை ரெக்கார்ட் பண்ணுவீங்களான்னு முதல்லயே கேட்டு, வேண்டாம்னு சொல்லிடுங்க. இன்னொன்னு, அழுத்திச் சொல்றேன், இந்த வைத்தியத்துக்கு எந்த பிசியோவுக்கும் உங்க அந்தரங்க உறுப்பை கேமரால பாக்க வேண்டிய அவசியம் கிடையாது, போட்டோவும் தேவையில்ல. அப்படி யாராவது கேட்டா வீடியோ காலை கட் பண்ணுங்க, அந்த ஆளோட மறுபடி பேசாதீங்க.

இப்ப வீட்டு விஷயத்துக்கு வருவோம், உண்மைல தடங்கல் இங்கதான் வரும். ஹால்ல மாமனார் டிவி பாக்கறாரு, பெட்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல, இதுல எங்க இருந்து "எனக்கு யூரின் கசியுது"ன்னு பேசறது? முடிஞ்சவரை பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கற, வீட்ல ஆள் கம்மியா இருக்கற நேரத்தைக் கேட்டு வாங்குங்க, காலைல 11 மணி போல. இயர்போன் கண்டிப்பா வேணும், வயர் வச்சதே நல்லது. ப்ளூடூத்னா கால் எடுக்கறதுக்கு முன்னாடி எதுல கனெக்ட் ஆகியிருக்குன்னு ஒரு தடவை பாத்துருங்க, ஹால் ஸ்பீக்கர்லயோ கார்லயோ போய் என் குரல் கேட்டுச்சுன்னா உங்களுக்குத்தான் சங்கடம். போன் வீட்ல எல்லாருக்கும் பொதுன்னா வாட்ஸ்அப்ல வர்ற படம் தானா கேலரில சேராத மாதிரி செட்டிங்கை மாத்துங்க, பயிற்சிப் படம் நான் அனுப்பினா அது உங்க மச்சினர் கண்ணுல படக்கூடாது.

பேசவே முடியாத சூழ்நிலைனாலும் வழி இருக்கு. ஒரு டீச்சர் அம்மா, பக்கத்து ரூம்ல மாமியார் எப்பவும் இருப்பாங்க, அதனால ஆமா இல்லைங்கற மாதிரி பதில் வர்ற கேள்வியா நான் கேக்கறது, அவங்க "ம்"னு சொல்றது, தசை எவ்வளவு இறுகுச்சுன்னு 0ல இருந்து 5 வரைக்கும் விரலைக் காட்டறது, நீளமா சொல்ல வேண்டியத சாட்ல டைப் பண்றதுன்னு முழு செஷனும் அப்படியே ஓடும். மாமியாரைப் பொறுத்தவரைக்கும் மருமக முதுகுவலிக்கு எக்சர்சைஸ் பண்றா. அதுவும் பொய் இல்ல, இடுப்பும் முதுகும் சேந்துதான் வேலை செய்யுது.

போனை எங்க வைக்கறதுன்னா, கட்டில் மெத்தைல படுத்துப் பண்ணாதீங்க, அமுங்கிப் போறதுல எனக்கு உங்க இடுப்பு அசையறது தெரியாது. தரையில பாய் விரிச்சு, உங்களுக்குப் பக்கவாட்டுல ரெண்டு மூணு புத்தகம் அடுக்கி அதுல போனை சாய்ச்சு வைங்க, தலையில இருந்து முழங்கால் வரைக்கும் ஃபிரேம்ல வரணும். ஜன்னல் வெளிச்சம் உங்க மேல விழணும், ஜன்னல் உங்களுக்குப் பின்னாடி இருந்தா கறுப்பு உருவமாத்தான் தெரிவீங்க. புடவை, நைட்டில மூச்சு போறதும் வயிறு அசையறதும் தெரியாது, டீசர்ட்டும் லெக்கின்ஸும் போதும், அது இல்லனா சுடிதார். ஒரு டவல், ரெண்டு தலையணை, கைக்குச் சின்னக் கண்ணாடி ஒன்னு, பாத்ரூம் போயிட்டு வந்து உக்காருங்க.

முதல் செஷனுக்கு முன்னாடி மூணு நாள் டைரி எழுதணும், இதை சும்மா ஃபார்மாலிட்டின்னு நினைக்காதீங்க. எத்தனை மணிக்கு என்ன குடிச்சீங்க, எத்தனை மணிக்கு யூரின் போனீங்க, எவ்வளவு வந்துச்சு, எப்ப கசிஞ்சுச்சு, அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க. அளவுக்கு ஒரு பழைய மெஷரிங் கப்பை பாத்ரூம்ல தனியா வச்சுக்கோங்க. காபி, டீ, மோர், ரசம் எல்லாமே குடிக்கற கணக்குதான், வீட்டு டம்ளர் எத்தனை மில்லின்னு ஒரு தடவை அளந்துட்டா போதும். இந்த டைரில இருந்தே நிறைய தெரிஞ்சுரும். ஒவ்வொரு தடவையும் 100 மில்லிதான் வருது ஆனா மணிக்கொரு தடவை போறாங்கன்னா மூத்திரப்பை சின்னதாப் பழகிருச்சு. பகல்ல மூணே தடவை போயிட்டு ஒவ்வொரு தடவையும் அரை லிட்டர் வருதுன்னா அவங்க அடக்கறாங்க. ஜவுளிக்கடை, ஸ்கூல், ஃபேக்டரில வேலை பாக்கறவங்க டைரிய பாத்தாலே காலைல இருந்து சாயங்காலம் வரை வெறுமையா இருக்கும், எனக்கு அதைப் பாக்கறப்ப கோவம்தான் வரும். கடைல உக்கார்ற உரிமைக்கே தமிழ்நாட்டுல 2021ல சட்டம் திருத்தித்தான் வாங்க வேண்டியிருந்துச்சு, பாத்ரூம் போக விடறதுக்கும் யாராவது கேக்கணும்.

செஷன்ல தசையக் கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கோங்க. கை நல்லா கழுவிட்டு, ஜட்டி மேலேயே ரெண்டு விரலை பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கற இடத்துல வைங்க. இதை போன்ல மைக்கை மியூட் பண்ணி, கேமராவ உங்க முகத்துக்கு மட்டும் திருப்பி வச்சுக்கிட்டும் பண்ணலாம், தனியா பாத்ரூம்ல பண்ணிட்டு வந்து சொன்னாலும் சரிதான். இப்ப காத்துப் பிரியாம அடக்கறதுக்கு ஆசனவாய உள்ள இழுப்பீங்க இல்ல, அதை அப்படியே முன்பக்கம் யூரின் வர்ற இடம் வரைக்கும் கொண்டு வந்து மேல தூக்குங்க. விரலுக்குக் கீழ அந்த இடம் உள்பக்கமா, உங்க விரலை விட்டு விலகிப் போனா சரி. விரலை வெளிய தள்ளுச்சுன்னா நீங்க முக்கறீங்க, நிறுத்திடுங்க, அதைத் தொடர்ந்து பண்ணா பிரச்சனை கூடும். கண்ணாடி வச்சுப் பாத்தாலும் இது தெரியும். விரல்ல உணர்ந்தது என்னன்னு கூச்சப்படாம அப்படியே சொல்லுங்க, "ஒன்னுமே தெரியல"ங்கறதும் எனக்கு உபயோகமான பதில்தான்.

நான் அந்தப் பக்கம் இருந்து வேற விஷயம் பாப்பேன். மூச்சை அடக்கறீங்களா, புட்டம் தரையில இருந்து எழும்புதா, முழங்கால் ரெண்டும் ஒட்டுதா, மேல்வயிறு புடைக்குதா, பல்லைக் கடிக்கறீங்களா. புருவம் நெரிஞ்சாலே நீங்க வேற எல்லாத்தையும் இறுக்கறீங்கன்னு அர்த்தம். மூச்சை விட்டுக்கிட்டே தூக்கணும், இழுத்துக்கிட்டே தளர்த்தணும். அடிவயிறு லேசா உள்ள போறது பரவால்ல. யூரின் போறப்ப நடுவுல நிறுத்திப் பாக்கறது தசை எதுன்னு தெரிய ஒரு தடவை ஓகே, அதையே தினசரிப் பயிற்சியா வச்சுக்காதீங்க, பை முழுசா காலியாகாமப் போகும்.

சரியா வந்துருச்சுன்னா எண்ணிக்கை அப்புறம் ஈஸி. உங்களால எவ்வளவு செகண்ட் விடாம பிடிக்க முடியுதோ அங்கிருந்து ஆரம்பிக்கறது, மூணு செகண்ட்னா மூணு, வெக்கப்பட ஒன்னுமில்ல. பிடிச்ச நேரத்துக்குக் குறையாம ரெஸ்ட் விடணும், முழுசா தளர்ந்த பிறகுதான் அடுத்தது. இப்படி 8 தடவை, அதோட டக் டக்னு வேகமா இறுக்கி விடறது ஒரு 10, இது ஒரு செட், ஒரு நாளைக்கு மூணு செட். கொஞ்சம் கொஞ்சமா 10 செகண்ட் வரைக்கும் ஏத்தலாம். முதல்ல படுத்துக்கிட்டு, அப்புறம் உக்காந்து, அப்புறம் நின்னுக்கிட்டு, ஏன்னா தும்மி கசியறது பெரும்பாலும் நிக்கறப்பவோ உக்காந்திருக்கறப்பவோதான். மறக்காம இருக்க, காலைல குக்கர் வச்சுட்டு நிக்கறப்ப ஒன்னு, மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒன்னு, ராத்திரி படுக்கைல ஒன்னுன்னு ஏற்கனவே இருக்கற வேலையோட கட்டிவிட்டுருங்க.

இதோட ஒரு பழக்கம் சேத்துக்கணும், என்னைக் கேட்டா சீக்கிரம் பலன் தர்றது இதுதான். தும்மல் வரப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே, இருமறதுக்கு முன்னாடி, குடத்தையோ கேஸ் சிலிண்டரையோ குழந்தையையோ தூக்கறதுக்கு முன்னாடி தசைய இறுக்கிப் பிடிச்சுட்டு அப்புறம் தும்முங்க, தூக்குங்க. 1998லயே இதை ஆய்வு பண்ணிட்டாங்க, இப்படி முன்கூட்டியே இறுக்கக் கத்துக்கிட்டவங்களுக்கு ஒரே வாரத்துல இருமல்ல வர்ற கசிவு நல்லாவே குறைஞ்சுது.

அவசரமா முட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு வேற வழி. வந்த உடனே ஓடாதீங்க, ஓடினாதான் கசியும். அங்கேயே நின்னு இல்ல உக்காந்து, வேகமா அஞ்சாறு தடவை இறுக்கி விட்டு, மூச்சை நீளமா விட்டு, 100ல இருந்து பின்னாடி எண்ணுங்க, அந்த அவசரம் தணிஞ்ச பிறகு மெதுவா நடந்து போங்க. ரெண்டு யூரினுக்கு நடுவுல இருக்கற நேரத்தை கால் மணி நேரம் கால் மணி நேரமாக் கூட்டறது, "எதுக்கும் போயிட்டு வந்துருவோம்"னு சும்மா போறதைக் குறைக்கறது, காபி டீயக் குறைக்கறது, இது மூணையும் டைரி பாத்து சேந்தே பண்ணுவோம். தண்ணியக் குறைக்காதீங்க, கெட்டியான யூரின் பைய இன்னும் எரிச்சலாக்கும், மலச்சிக்கலும் வரும். மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதை சரி பண்ணணும், தினமும் முக்கிட்டு மூணு செட் பயிற்சி பண்றது ஒரு பக்கம் கட்டி மறுபக்கம் இடிக்கறதுதான். வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்குக் கீழ ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்பை விட உயரமா இருக்கற மாதிரி உக்காருங்க, நம்ம ஊர் டாய்லெட்ல அந்தப் பொசிஷன் தானாவே வந்துரும்.

ஒரு கூட்டத்துக்கு இந்த இறுக்கற பயிற்சியே ஆகாது. தாம்பத்தியத்துல வலி, உள்ள எதுவுமே போக விடாம தானா இறுகிக்கறது, யூரின் ஆரம்பிக்கவே நேரமாகறது, அடியில நாள் பூரா வலி இருந்தா பெரும்பாலும் உங்க தசை பலவீனமா இல்ல, தளரத் தெரியாம இறுகிப் போயிருக்கு. இவங்க கெகல் பண்ணா வலி கூடும். இவங்களுக்கு வயித்துல கை வச்சு நிதானமா மூச்சு இழுக்கறது, மூச்சு உள்ள வர்றப்ப வயிறும் அடிப்பக்கமும் சேந்து தளர்றத உணர்றது, பாலாசனம் (மண்டி போட்டு முன்னாடி குனிஞ்சு படுக்கற யோகா நிலை) மாதிரி இடுப்பைத் தளர்த்தற நிலைங்க, இதுல இருந்துதான் ஆரம்பிப்போம். கல்யாணமாகி வருஷம் ஓடிப் போச்சு, வீட்ல எல்லாரும் குழந்தை எங்கன்னு கேக்கறாங்க, விஷயம் இதுதான்னு யார்கிட்டயும் சொல்ல முடியலன்னு வர்ற பொண்ணுங்களுக்கு நான் முதல்ல சொல்றது இது உங்க மனசு செய்யற அடம் இல்ல, தசை செய்யறது, பழக்கி எடுக்கலாம். இவங்களுக்கு வீடியோ கால் ரொம்பவே வசதி, யாரும் தொடப் போறதில்லங்கற தைரியத்துலயே உடம்பு பாதி தளரும்.

ஆம்பளைங்களும் இதைப் படிச்சா, ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு வர்றவங்களுக்கும் இதே முறைதான். ஆணுறுப்பை உள்ள இழுத்து விதைப்பைய மேல தூக்கற மாதிரி இறுக்கணும், கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தா அசைவு தெரியும். யூரின் போயிட்டு வந்த பிறகு பேன்ட்ல சொட்டுதுன்னா, போன உடனே விதைப்பைக்குப் பின்னாடி விரலால அழுத்தி முன்பக்கமா வழிச்சு விடுங்க, குழாய்ல தங்கினது வந்துரும்.

செஷன் முதல்ல வாரம் ஒன்னு, சரியாப் பண்றீங்கன்னு தெரிஞ்ச பிறகு ரெண்டு வாரத்துக்கு ஒன்னு போதும். நடுவுல நீங்க ஒரு நோட்டுல எத்தனை செட் பண்ணீங்க, எத்தனை செகண்ட் பிடிச்சீங்க, எத்தனை தடவை கசிஞ்சுச்சு, எத்தனை பேட் மாத்தினீங்கன்னு எழுதுங்க. பண்ணாத நாளை பண்ணாததாவே எழுதுங்க, நான் திட்டப் போறதில்ல, ஆனா பண்ணதா சொன்னா பயிற்சி வேலை செய்யலன்னு நினைச்சு நான் தப்பா மாத்திருவேன். முதல் மாசத்துல பெருசா ஒன்னும் தெரியாது, தசை வளர நேரமாகும், இங்கதான் நிறைய பேர் விட்டுடறாங்க.

3 மாசம் ஒழுங்காப் பண்ணியும் நோட்டுல மாற்றமே இல்லனா, இல்ல அடியில உருண்டையா கைக்குத் தட்டுப்படுதுன்னா, வீடியோ போதாது, நேர்ல உள்பரிசோதனை பண்ணணும். கர்ப்பப்பை இறக்கத்துக்கு உள்ள வைக்கற பெஸரி வளையம் இருக்கு, கசிவுக்கு ஆபரேஷனும் இருக்கு, எது உங்களுக்குப் பொருந்தும்னு டாக்டர் சொல்லுவாங்க. அப்படிப் போறப்ப அந்த மூணு நாள் டைரியையும் நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, "மூணு மாசம் முறையாப் பயிற்சி பண்ணிட்டேன், இதோ பாருங்க"ன்னு காட்டினா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்ல மாட்டாங்க.